உங்களுக்குத் தெரியுமா? உருண்டே தப்பிக்கும் சாலமாண்டர்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் முதுகுப்பையோடு நடந்து தவளை, பல்லி தேடுபவர்கள் பார்க்க ஏங்கும் உயிர்களில் ஒன்று, மவுண்ட் லயல் சாலமாண்டர். அறிவியலாளர்கள் கண்ணில் இது பட்டதே தற்செயல்தான்: 1915-இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் லயல் பள்ளத்தாக்கில் வைத்த எலிப்பொறியில் வந்து மாட்டியது!

இதற்கு நுரையீரலே கிடையாது. தோலாலும் வாயின் உட்புறத்தாலும் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். அதனால் பனி உருகிக் கசியும் பாறைச் சந்துகளில்தான் தேட வேண்டும், அதுவும் இரவில். பகலில் கண்ணில் படுவது அரிது. உடல் நிறமோ கருங்கல்லோடு கலந்துவிடும். டார்ச் வெளிச்சத்திலும் ஏமாற்றும்.

செங்குத்துப் பாறையில் ஏற வாலை ஐந்தாவது காலாக ஊன்றும். ஆபத்து வந்தால் ஓடாது. உடலைச் சுருட்டி, கால்களை ஒடுக்கி, சரிவில் அப்படியே உருண்டுவிடும்.

கண்டால் படம் எடுக்கலாம், தொடக் கூடாது: தேசியப் பூங்காவில் அது சட்டவிரோதம். நம் கையிலுள்ள கொசு விரட்டிக் களிம்பு அந்த மெல்லிய தோலுக்கு நஞ்சும்கூட.