மூன்று பேர் மிஞ்சினால் இரண்டு புள்ளி

ஏழு பேர் நிற்க வேண்டிய கபடிக் களத்தில் மூன்று பேர்தான் மிச்சம். எதிரணி ரைடர் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வருகிறார். வேடிக்கை பார்ப்பவர்கள் ‘ஆல் அவுட்’ என்று எழுந்தே விடுவார்கள். விதியின் கணக்கு வேறு. மூன்றோ அதற்குக் குறைவோ ஆட்கள் இருக்கும்போது ரைடரைப் பிடித்துவிட்டால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. புரோ கபடி லீக் பார்க்கிற வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்த ‘சூப்பர் டேக்கிள்’ இதுதான்.

ஆள் குறைந்து தடுப்பது பல ஆட்டங்களில் உண்டு. வலைக்குச்சியால் பந்தாடும் ஆண்கள் லக்ராஸில், தப்பு செய்தவரை அரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை வெளியே உட்கார வைப்பார்கள். அதுவரை ஆறு பேரின் தாக்குதலை ஐந்து பேரும் கோல்கீப்பரும் சமாளிக்க வேண்டும். நேரம் தீர்ந்தால் ஆள் தானாகத் திரும்பி வந்துவிடுவார். தொடப்பட்டு வெளியேறிய கபடி வீரருக்கு அந்தச் சலுகை கிடையாது. உள்ளே இருப்பவர்கள் பிடித்தாலோ, அவர்களில் ஒருவர் பாடிப் போய்த் தொட்டு வந்தாலோதான் அவர் திரும்ப முடியும். அதுவரை சும்மா தாக்குப்பிடித்தால் போதாது.

ஆள் குறைந்தபோது சமாளிப்பதைப் புரிந்துகொள்ள முகூர்த்த நாளில் கும்பகோணம் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம். ஏழு கைகள் வருவதாகப் பேச்சு. நாலு பேர் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பந்தியில் இலை போட்டாகிவிட்டது. அனுபவமுள்ள சமையல் மாஸ்டர் அந்த நேரத்தில் கத்த மாட்டார். எதை விட்டுவிடலாம் என்றுதான் முதலில் பார்ப்பார். இரண்டாவது கூட்டு வேண்டாம், பச்சடி வேண்டாம். சாதமும் சாம்பாரும் ரசமும் தவறக்கூடாது.

களத்தில் விட்டுவிடக்கூடியது போனஸ் கோடு. ஆண்கள் ஆட்டத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு 1 மீட்டர் பின்னால் போனஸ் கோடு. ஆறு பேராவது நின்றால்தான் ரைடருக்கு போனஸ் உண்டு. ஐந்தாகக் குறைந்த நொடியிலேயே அந்தக் கோட்டுக்கு வேலை போய்விடுகிறது. அதைக் காவல் காக்க முன்னால் வந்து நிற்கத் தேவையில்லை; தாராளமாகப் பின்வாங்கலாம். ரைடரோ பாக் லைனைத் தாண்டியே ஆக வேண்டும், தொட வேண்டுமானால் இன்னும் உள்ளே வர வேண்டும். அவர் எவ்வளவு ஆழமாக வருகிறாரோ, திரும்பி ஓட வேண்டிய தூரமும் அவ்வளவு.

அடுத்தது ஆளுக்கு ஓர் இடம். அடுப்பில் ஒருவர், பந்தியில் ஒருவர், உக்கிராணத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒருவர். மூன்று பேரும் பொங்குகிற சாம்பாரைப் பார்த்து ஓடினால் பந்தி காலி. கபடியில் இரண்டு கார்னர், நடுவில் ஒரு கவர். லாபிகளைக் கழித்தால் களத்தின் அகலம் 8 மீட்டர். ஏழு பேர் இருந்தபோது ஆளுக்கு ஒரு மீட்டர் சொச்சம்தான் பொறுப்பு; இப்போது இரண்டரை மீட்டருக்கும் மேல். கையைக் கோத்துக்கொண்டு செயின் போட்டு நின்றால் ஒரு பக்கம் முழுவதும் திறந்துவிடும். அதனால் மூவரும் விலகி நின்று, ரைடர் சாய்கிற பக்கத்துக்கு ஒன்றாக நகர வேண்டும். தூரத்துக் கார்னர்தான் இங்கே தப்பு செய்வார். தன் பக்கம் யாரும் வரவில்லையே என்று அப்படியே நின்றுவிடுவார்.

பக்கக் கோட்டையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். ரைடரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் ஒரு டேஷ் கொடுத்தால், வெளியே விழுந்தவர் அவுட். ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி: யாரும் யாரையும் தொடுவதற்கு முன் லாபியில் கால் வைத்த தடுப்பாட்டக்காரரும் அவுட்தான். மூன்று இரண்டாகிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கடினம், எப்போது பாய்வது என்பது. டெல்டாக்காரர்களுக்குச் சாதம் வடிக்கிற பதம் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்சம் முந்தினால் நறுக்கரிசி, கொஞ்சம் பிந்தினால் குழைசல். அண்டாவை ஒருவர் மட்டும் தூக்கினால் கஞ்சி காலில்தான். இரண்டு பேர் இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் தூக்க வேண்டும், மூன்றாமவர் வழியை விலக்க வேண்டும். மூன்று பேர் பிடிப்பதும் அப்படியே: கார்னர் கணுக்காலைப் பிடிக்கிறார், கவர் இடுப்பில் மோதுகிறார், தூரத்துக் கார்னர் பிடிக்க வராமல் ரைடருக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே வந்து விழுகிறார். முதல் கை கார்னருடையதாக இருக்க வேண்டும், அதுவும் ரைடர் முதுகைத் திருப்பும் அந்த அரை நொடியில். 30 நொடி ரைடில் பாதி நேரத்துக்கு யாரும் கை நீட்டக்கூடாது. “நீ போகாதே, அவன் வரட்டும்” என்று பயிற்சியாளர் தொண்டை வறளக் கத்துவது இதற்குத்தான். கோட்டுக்கு வெளியே நின்று “பிடி, பிடி” என்று கூவுகிற நம்மூர்க் கூட்டத்தைவிட மோசமான எதிரி அந்த மூவருக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பொறுமை வயதோடு கூடுகிறது. தஞ்சை மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் தடுப்பாட்டத்தில் பெயர் பெற்றவர். சக வீரர்களுக்கு ‘அண்ணா’. 2016இல், நாற்பதைத் தாண்டிய வயதில், பாட்னா பைரேட்ஸ் தலைவராகப் புரோ கபடி கோப்பையை வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38–29 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய இந்திய அணியிலும் இருந்தார். அந்த வயதில் வேகத்தை மட்டும் நம்பி யாரும் கார்னரில் நிற்க முடியாது.

எதிரணியும் முட்டாள் இல்லை. மூன்று பேர் நிற்கிறார்கள் என்றால் நல்ல ரைடர் தொடாமலேயே திரும்பிவிடுவார். அப்படி இரண்டு முறை வெறுங்கையோடு போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. தொட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் அவுட். ஆகவே மூன்று பேர் அணியும் தன் முறைக்குப் பாடிப் போய்ப் பத்திரமாகத் திரும்பி, அந்த மூன்றாவது ரைடுக்காகக் காத்திருக்கும். இரண்டு பக்கமும் தொடாமல் போய் வருவதைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் ஆட்டத்தின் சூடான பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

பிடித்தாகிவிட்டது, இரண்டு புள்ளி ஏறிவிட்டது. உள்ளே வருவது என்னவோ ஒரே ஆள்தான். மேலதிகப் புள்ளி பலகையில் ஏறுமே தவிர, இன்னொருவரை எழுப்பாது. இப்போது களத்தில் நான்கு பேர்: சூப்பர் டேக்கிளுக்கு ஒருவர் அதிகம், செயின் போட மூவர் குறைவு. நான்கு பேர் நின்று பிடித்தால் ஒரு புள்ளிதான்; இருவர் தொடப்பட்டால் ஆல் அவுட் வாசலில் நிற்கும், அது எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதல். அதனால் இந்த நேரத்தில் விவரமான பயிற்சியாளர் பிடிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. இருக்கிற நால்வரில் நல்ல ரைடர் யார் என்று பார்த்து, அடுத்த பாட்டுக்கு அவரை அனுப்புகிறார்.