குளிர்காலப் பாலையிற் பாறையேற்றம்

திருக்கோணமலை மக்களுக்கு மார்கழி மழை மாதம். வாடைக்காற்று வீசும், கடல் கொந்தளிக்கும், கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையின் கற்கள் நீர் சொட்ட நிற்கும். அதே மார்கழியிற் கலிபோர்ணியாவின் பாலைநிலத்தில் மனிதர் கயிறும் கையுமாகப் பாறைகளில் ஏறிக்கொண்டிருப்பர். ஒரே மாதம் ஓரிடத்துப் பாறையை ஆகாததாகவும், மற்றோரிடத்துப் பாறையை உகந்ததாகவும் ஆக்குவது எங்ஙனம்?

அப்பாலை, 1994ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட ஜோசுவா மரப் பகுதியாகும். கருங்கல்லை ஒத்த சொரசொரப்பான பாறைக்குவியல்கள் அங்கே எங்கும் காணப்படும். 1950களில், யோசெமிற்றிப் பள்ளத்தாக்கின் பெருஞ்சுவர்களில் ஏறுவோர், அங்கு பனி படிந்த மாதங்களிற் பயிற்சிக்காக இப்பாலைக்கு வந்தனர். பின்னர் பயிற்சிக்களமே பலருக்குப் பயணத்தின் நோக்கமாயிற்று.

பாலையின் குளிர்கால வெயில் இதமாயிருப்பதற்குக் காரணம், கதிரவன் தெற்கே தாழ்ந்து செல்வதே. ஆண்டின் மிகக் குறுகிய பகலில், நண்பகலிற்கூட அவன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 33 பாகை உயரத்திலேயே நிற்பான். தெற்கு நோக்கிய செங்குத்துப் பாறையின்மேல் அவன் கதிர்கள் நேரே பாயும். கோடை உச்சத்திலோ அவன் 80 பாகையளவுக்கு ஏறிவிடுவதால், கதிர்கள் பாறைமுகத்தைத் தடவிக்கொண்டு கீழே போய்விடும். நிலம் குளிரும் காலத்திலேதான் சுவர் நண்பகல் வெயிலை மிகுதியாகப் பெறுகின்றது! காற்றுக் குளிர்ந்திருக்க, கல் வெதுவெதுப்பாயிருக்கும். இரவில் நீர் உறையுமளவு குளிருமாதலின், வெயில் சாயுமுன் இறங்கிவிடுதல் அறிவுடைமை.

குளிர்காற்றினால் வரும் பெரும்பயன் வேறொன்று. ஏறுவோனைப் பாறையிற் பிடித்து வைப்பது உராய்வு. கயிறு, அவன் தவறினாற் காப்பதற்கே உள்ளது. விரல் வியர்த்தாற் பிடி வழுக்கும். வெப்பத்திற் காலணியின் இறப்பர் இளகும். 1950களின் நடுவில் ஜோன் கில் என்னும் அமெரிக்கர், உடற்பயிற்சி வீரர் கைகளிற் பூசும் மக்னீசியங் காபனேற்றுத் தூளைப் பாறைக்குக் கொண்டுவந்தார். அத்தூளும் வியர்வையை ஓரளவே உறிஞ்சும். குளிர்ந்த உலர்காற்றுக்கு அது ஈடாகாது.

பாலையிலும் சிலவேளை மழை பெய்வதுண்டு. யோர்தான் நாட்டு வாடி ரம் போன்ற மணற்கற் பாறைகளில் இஃது ஆபத்தானது. நனைந்த மணற்கல் வலுவிழக்கும். மேற்பரப்பு உலர்ந்து தோன்றினும் உள்ளே ஈரம் தங்கும். நம்பிப் பிடித்த கல்லே கையோடு பெயர்ந்துவிடும். ஆகவே மழை விட்டபின்னும் ஓரிரு நாள் காத்திருப்பர். பாறையேறுவோன் வானிலை அறிவிப்பைத் தவறாது கேட்கும் வானொலி நேயனாதல் வேண்டும்.

இனித் திருக்கோணமலைக்கு வருவோம். இங்கே ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. வைகாசி முதல் ஆவணி வரை பாறை உலர்ந்திருக்குமாயினும், கச்சான் காற்றின் அனலிற் கை வியர்க்கும். மழை ஓய்ந்து வெப்பம் முற்றாத மாசியும் பங்குனியின் முற்பகுதியுமே ஓரளவு பொருத்தமானவை. மேல்நாட்டு நூலைப் பார்த்து மார்கழியிற் புறப்படும் இளைஞன் பாசி படர்ந்த வழுக்குப் பாறையையே காண்பான்.

சுவாமி மலையின் செங்குத்து முகம் கடலை நோக்கி நிற்பது. புனிதத்தலமாதலின் அது விளையாட்டுக்குரிய இடமன்று. 1956ஆம் ஆண்டு மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் அதன் அடியில் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டதும் கடலில் மூழ்கியே. புனிதம் ஒருபுறமிருக்க, கடலோரப் பாறைக்கு வேறொரு குறையும் உண்டு. உப்புக்காற்றுப் பாறையில் ஈரப்பசையைப் படியவைக்கும்; பாதுகாப்புக்கு அறையும் ஆணிகளையும் அரிக்கும். தாய்லாந்தின் கடலோரப் பாறைகளில் துருப்பிடிக்காத உருக்காணிகள்கூட உள்ளே வெடிப்புற்று, வெளியே குறியேதும் காட்டாமல் முறிந்திருக்கின்றன. அதனால் அங்கு விலைமிகுந்த தைத்தேனிய ஆணிகளைப் பொருத்தலாயினர்.

மாவட்டத்தின் உள்நாட்டுக் குன்றுகளுக்கு இக்குறை குறைவு. எனினும் அவற்றுட் பல, காட்டினுள்ளோ பழைய விகாரை, கோயிற் சிதைவுகளின் அருகிலோ உள்ளன. ஏற விரும்புவோர் உரிய அனுமதி பெற்று, பழகிய வழிகாட்டியுடன், கிழக்குப் பார்த்த பாறையாயின் நிழல் விழும் பிற்பகலில் தொடங்கலாம்.