கோலார் தங்கத்துக்காக காவிரியில் எடுத்த கரண்ட்: 1902 சிவசமுத்திரம் பவர் ஹவுஸின் கதை

காவிரி என்றாலே நமக்கு டிஎம்சி, மேட்டூர், குறுவை, சுப்ரீம் கோர்ட் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். இந்த லிஸ்ட்டில் பலரும் சேர்க்காமல் விடுவது தங்கம். காவிரிக்கும் கோலார் தங்கவயலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம், சிவசமுத்திரம் அருவியில் 1902-ல் ஓட ஆரம்பித்த ஒரு பவர் ஹவுஸ்.

அருவியில் இருந்து சுரங்கத்துக்கு

மைசூர் பீடபூமியிலிருந்து இறங்கும் காவிரி, சிவசமுத்திரத்தில் இரண்டாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்று இரண்டு அருவிகளாக விழுகிறது. சில கிலோமீட்டருக்குள் சுமார் 400 அடி இறக்கம். பக்கத்தில் இருக்கும் கொள்ளேகால் தாலுகா அப்போது சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956-ல்தான் அது மைசூருக்குப் போனது.

அதே சமயம் கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் பிரிட்டிஷ் கம்பெனிகள் தங்கம் தோண்டிக்கொண்டிருந்தன. ஆழம் கூடக் கூட, தண்ணீரை வெளியே இறைக்கவும் பாறையைத் தூளாக்கவும் நீராவி இயந்திரங்களுக்கு ஆகும் எரிபொருள் செலவும் கூடியது. அருவியின் சக்தியை வயர் வழியாகக் கொண்டுபோனால் என்ன?

இந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தவர் மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுப் பக்கம் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். திட்டத்தை வடிவமைத்து நடத்தியவர், கனடாவில் பிறந்த ராணுவப் பொறியாளர் ஜோலி டி லாட்பினியர். மின் சாதனங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியிலிருந்து வந்தன.

147 கி.மீ. வயர்

1897-லேயே டார்ஜிலிங்கில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் வந்துவிட்டது. ஆனால் அதன் திறன் வெறும் 130 கிலோவாட். சிவசமுத்திரத்தில் தலா 720 கிலோவாட் திறனுள்ள 6 ஜெனரேட்டர்கள்.

பெரிய சவாலே தூரம்தான். கோலார் தங்கவயல் சுமார் 147 கி.மீ. தள்ளி இருந்தது. அவ்வளவு தூரம் கரண்ட் போனால் வழியிலேயே கணிசமான பகுதி வீணாகும். அதனால் வோல்டேஜை பல மடங்கு ஏற்றி அனுப்பி, சுரங்கத்தில் மறுபடி இறக்கினார்கள். இன்றைக்கும் இதே டெக்னிக்தான். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீளமான மின் பாதைகளில் இதுவும் ஒன்று.

1902 ஜூன் 30-ம் தேதி கரண்ட் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை. 1901-லேயே காலமாகிவிட்டார்.

முதலில் கரண்ட் போனது வீடுகளுக்கு அல்ல, சுரங்க மெஷின்களுக்கு. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். பெங்களூரு தெருவிளக்குகள் எரிந்தது 1905 ஆகஸ்டில்தான்.

கரண்ட் எடுத்தால் தண்ணீர் குறையுமா?

குறையாது. டர்பைனைச் சுற்றிவிட்டு தண்ணீர் மறுபடி ஆற்றுக்கே வந்துவிடும். அப்புறம் எங்கே வந்தது பிரச்சினை?

சிவசமுத்திரத்தில் பெரிய அணை கிடையாது. ஆற்றில் ஓடுகிற தண்ணீரை அப்படியே திருப்பி எடுத்தார்கள். மழைக்காலத்தில் சிக்கல் இல்லை. கோடையில் காவிரி வற்றினால் கரண்டும் குறையும். சுரங்கத்துக்கோ 365 நாளும் கரண்ட் வேண்டும், அதுவும் வருஷத்துக்கு வருஷம் கூடுதலாக.

ஒரே வழி, மழைக்காலத் தண்ணீரை மேலே தேக்கி, கோடையில் சீராக விடுவது. இந்தத் தேவையோடு பாசனத் தேவையும் சேர்ந்து உருவானதுதான் கண்ணம்பாடி அணை, அதாவது கிருஷ்ணராஜ சாகர். திட்டம் போட்டவர் மைசூரின் சீஃப் இன்ஜினீயர் விஸ்வேஸ்வரய்யா.

இங்கேதான் தஞ்சாவூர் உள்ளே வருகிறது. டெல்டா விவசாயிக்கு ‘மொத்தம் எவ்வளவு தண்ணீர்’ என்பது மட்டும் கணக்கு இல்லை, ‘எப்போது வருகிறது’ என்பதும் கணக்கு. ஜூன், ஜூலையில் தேக்கிவைத்து மார்ச்சில் விட்டால் பயிருக்கு என்ன பிரயோஜனம்? தேக்கிய தண்ணீரை மைசூர் புதுப் பாசனத்துக்கும் திருப்பினால் வரத்தே குறையும்.

1892 ஒப்பந்தப்படி, காவிரியில் புது அணை கட்ட சென்னையின் சம்மதம் வேண்டும். மைசூர் 41.5 டிஎம்சி கேட்டது. சென்னை 11 டிஎம்சிக்குத்தான் ஓகே சொன்னது. ஆனால் 1911-ல் வேலை தொடங்கிய மைசூர், பெரிய அணைக்கு ஏற்றபடியே அஸ்திவாரத்தை அகலமாகப் போட்டது.

விவகாரம் நடுவர் வரை போனது. 1914-ல் வந்த தீர்ப்பை சென்னை ஏற்கவில்லை. கடைசியில் 1924 பிப்ரவரி 18-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. மைசூருக்கு கண்ணம்பாடி, சென்னைக்கு மேட்டூர். அதன் சில ஷரத்துகளை 50 வருஷம் கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று இருந்தது. 1974-ல் அந்தக் கெடு வந்தபோது எழுந்த தகராறுதான் நடுவர் மன்றம், 2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு என்று நீண்டது.

இப்போது?

கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு மூடப்பட்டது. பவர் ஹவுஸ் மூடப்படவில்லை. சேஷாத்ரி ஐயர் பெயரில், 42 மெகாவாட் திறனோடு இன்றும் கர்நாடக அரசின் கையில் இருக்கிறது. அதன் டர்பைன்களைச் சுற்றிவிட்டு வெளியே வரும் தண்ணீர்தான் பிலிகுண்டுலு தாண்டி மேட்டூருக்கு வந்து சேர்கிறது.