முற்றுகைக்குள் முடிந்த காணி உறுதி

துன்பம் வந்துற்ற காலத்திலே, "கடவுளை நம்புங்கள்" என்று பிறருக்குச் சொல்லுதல் எளிது. அந்த நம்பிக்கையாவது யாது என்று கேட்டால், விடை கூறுதல் அத்துணை எளிதன்று. நாம் நினைத்தது நடந்தே தீரும் என்று எண்ணியிருத்தலே நம்பிக்கை என்பர் சிலர். வருவது வரட்டும் என்று கைகட்டி இருத்தலே இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் பொருந்தா. இருள் விலகுமுன்னரே, இன்று நம்முன் நிற்கும் கடமையைக் குறைவறச் செய்து முடித்தலே மெய்யான நம்பிக்கை. இதனை விளக்குதற்கு விவிலிய நூலிலே ஓர் அரிய கதை உண்டு. அது போர்வீரர் கதையன்று, அற்புதக் கதையுமன்று. ஒரு காணி விற்பனையின் கதை.

விவிலிய நூல் தமிழ்ச் சைவருக்கு முற்றும் புறம்பான நூலன்று. ஆறுமுக நாவலர் தம் இளமைக் காலத்திலே பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து அதன் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர். அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. தம் சமயத்தைச் சிறிதும் விட்டுக்கொடாத அப்பெரியார் அதனைக் கசடறக் கற்றார். எச்சமயத்துப் பிள்ளைகளாயினும் அதிலுள்ள நல்ல கதைகளைப் படித்துப் பயன்கொள்ளுதல் தகும் என்பதே நம் கருத்து.

நகரின் நிலை

கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே யூதா என்னும் சிறு நாடு, பாபிலோன் பேரரசுக்கும் எகிப்துக்கும் இடையே அகப்பட்டு நைந்துகொண்டிருந்தது. கி.மு. 597இல் பாபிலோன் வேந்தன் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றி, அதன் அரசனையும் கைவினைஞரையும் வீரரையும் சிறைகொண்டு போனான். எஞ்சியவருக்குச் சிதேக்கியா என்பவனை அரசனாக்கினான். சிதேக்கியாவோ சில ஆண்டுகளில் எகிப்தின் துணையை நம்பிக் கலகஞ்செய்தான். பாபிலோன் சேனை மீண்டும் வந்து நகரை வளைத்துக்கொண்டது.

அந்நாளின் அச்சத்தை மண்ணோட்டுத் துண்டுகளே இன்றும் நமக்குச் சொல்லுகின்றன. 1935ஆம் ஆண்டில் லாகீசு என்னும் பழைய கோட்டையின் வாயிலறையைத் தோண்டிய ஆய்வாளர், மையினால் எழுதப்பட்ட ஓட்டுக் கடிதங்கள் பலவற்றைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்றிலே, வெளிக்காவலில் இருந்த ஒருவன், லாகீசின் தீக்குறிகளைக் காத்திருப்பதாகவும், அசேக்காவின் குறியைக் காணமுடியவில்லை என்றும் தன் தலைவனுக்கு எழுதியிருக்கின்றான். யூதாவின் அரணுள்ள நகரங்களில் லாகீசும் அசேக்காவுமே எஞ்சியிருந்தன என்று எரேமியா நூலும் கூறுகின்றது. அவ்விளக்குகளும் ஒவ்வொன்றாக அவியும் காலம் அது.

எருசலேமுக்குள்ளே உணவு அருகிற்று. மதிலுக்கு வெளியே பகைவரின் மண்மேடுகள் உயர்ந்தன. இவ்வேளையில் எரேமியா என்னும் தீர்க்கதரிசி, அரண்மனையை அடுத்த காவல் முற்றத்திலே அடைபட்டுக் கிடந்தார். அவர் செய்த குற்றந்தான் யாது? நகரம் வீழும், எதிர்த்து நில்லாது பணிந்து உயிர்பிழையுங்கள் என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பணியின் இறுதியிலே அஞ்சாது சொன்னதே குற்றம்.

காவல் முற்றத்தில் வாங்கிய காணி

அங்கே அவரைத் தேடி அனாமெயேல் என்பவன் வந்தான். அவன் எரேமியாவின் தந்தையுடைய உடன்பிறந்தான் மகன். ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி வேண்டினான். குடும்பக் காணி பிறர்கைக்குப் போகாதவாறு நெருங்கிய உறவினன் அதனை மீட்டுக்கொள்ளுதல் அம்மக்களின் வழக்கம். அவ்வுரிமை எரேமியாவுக்கு இருந்தது.

ஆனதோத்து எருசலேமுக்கு வடகிழக்கே நடந்து செல்லக்கூடிய தொலைவிலுள்ள ஊர். எரேமியாவின் பிறந்த ஊர். அது அப்பொழுது பகைவர் சேனையின் பிடியில் இருந்தது. இன்னும் ஒன்று: அவ்வூரார் முன்னொரு காலத்திலே எரேமியாவைக் கொல்லச் சூழ்ச்சி செய்தவர்கள். சிறையிலிருக்கும் ஒருவர், தம்மைக் கொல்ல நினைத்த ஊரிலே, பகைவர் மிதித்து நிற்கும் நிலத்தை, நகரம் வீழும் என்று தாமே சொல்லிக்கொண்டு வாங்குவதாயின், உலகம் அதனை அறிவுடைமை என்னுமா?

எரேமியா வாங்கினார். அது இறைவன் கட்டளை என்று உணர்ந்தமையால் வாங்கினார். அதனை அவர் செய்த முறைதான் நம் கருத்தைக் கவர்கின்றது. பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசிலே நிறுத்துக் கொடுத்தார். நம் கணக்கில் அது 200 கிராமுக்குச் சற்றுக் குறைவான நிறை. விற்பனைச் சாசனத்தை எழுதுவித்துக் கைச்சாத்திட்டார். சாட்சிகள் ஒப்பமிட்டனர். வழக்கப்படி முத்திரையிட்ட படி ஒன்றும் திறந்த படி ஒன்றும் ஆயின. முற்றத்திலிருந்த யாவரும் காணுமாறு அவற்றை நேரியாவின் மகன் பாருக்கிடம் கொடுத்து, நெடுங்காலம் கெடாதிருக்கும்படி ஒரு மட்பாண்டத்திலே வைக்கச் சொன்னார். இந்நாட்டிலே வீடுகளும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் மறுபடியும் வாங்கப்படும் என்பதே அவர் அதற்குக் கூறிய காரணம்.

காணிச் சாசனத்தை நம் நாட்டிலே "உறுதி" என்று வழங்குகின்றோம். நெஞ்சின் திண்மைக்கும் அதுவே பெயர். இவ்விரு பொருளும் ஒன்றுகூடிய இடம் அக்காவல் முற்றம். போர்க்காலத்திலே வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்த நம்மவர் பலர், மற்றெல்லாவற்றையும் விட்டபோதும் காணி உறுதியைக் கைவிடாது கொண்டு சென்றனர். எரேமியா ஏன் அதனை மட்பாண்டத்தில் வைக்கச் சொன்னார் என்பதை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

கேள்வி கேட்ட பக்தர்

கடவுளிடம் கேள்வி கேட்பது அவநம்பிக்கை ஆகாதோ என்று மாணவர் நம்மை வினவுவதுண்டு. அதற்கும் இக்கதையிலே விடை இருக்கின்றது. சாசனத்தைப் பாருக்கின் கையிற் கொடுத்தபின் எரேமியா இறைவனை நோக்கி வேண்டுதல் செய்கின்றார். வானத்தையும் பூமியையும் படைத்தவனுக்கு அரியது ஒன்றுமில்லை என்று தொடங்குகின்றார். முடிவிலோ அவருடைய உள்ளத்தின் திகைப்பு வெளிப்பட்டுவிடுகின்றது. இதோ, மண்மேடுகள் மதிலை எட்டிவிட்டன. வாளும் பஞ்சமும் கொள்ளைநோயும் நகரைப் பகைவர் கையில் ஒப்புவிக்கின்றன. இந்நிலையிலே சாட்சி வைத்து நிலம் வாங்கு என்றீரே என்பது அவ்வேண்டுதலின் கருத்து.

கேள்வி கேட்டார்; ஆனால், விடை வந்தாலன்றிச் செய்யமாட்டேன் என்று வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. முன்னர்ச் செய்தார், பின்னர்க் கேட்டார். ஐயம் எழுவது மனித இயல்பு. ஐயம் எழுந்ததென்று கடமையை நிறுத்துவதே தவறு. அவர் கேள்வி கடிந்துகொள்ளப்படவுமில்லை. மக்களைச் சிதறடித்த நானே மீண்டும் சேர்ப்பேன் என்னும் ஆறுதலே அவருக்கு விடையாக வந்தது.

இனிய பொய்யும் கசந்த மெய்யும்

இதற்குச் சில ஆண்டுகளின் முன்னே, அனனியா என்னும் வேறொருவன் ஆலயத்திலே யாவர் முன்னிலையிலும் எழுந்து, இரண்டு ஆண்டுக்குள் பாபிலோனின் நுகம் முறிந்துவிடும், கொள்ளைபோன பாத்திரங்களும் சிறைபோன மக்களும் திரும்புவர் என்றான். எரேமியா தம் கழுத்திலே அடையாளமாக அணிந்திருந்த மரநுகத்தையும் பறித்து உடைத்தான். கேட்டவர் செவிக்கு அது தேனாக இருந்திருக்கும். "ஆமென், அப்படியே ஆகுக" என்று எரேமியாவும் முதலிற் சொன்னார்; தம் மக்கள் துன்புறுவதை அவர் விரும்பவில்லை. ஆனால், விருப்பம் வேறு, மெய் வேறு என்பதை அவர் மறைக்கவுமில்லை.

பாபிலோனிலே சிறைப்பட்டிருந்தோருக்கு அவர் எழுதிய கடிதம் அனனியாவின் பேச்சுக்கு நேர்மாறானது. மீட்சிக்கு எழுபது ஆண்டாகும் என்றார். ஆதலால் அங்கே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் பயனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் அந்நகரின் நன்மையை நாடி அதற்காக வேண்டுங்கள் என்று அறிவுரை கூறினார். நாளைக்கே திரும்பிவிடுவோம் என்று மூட்டை கட்டியபடி இருப்பவன் ஒரு மரமும் நாட்டான். திரும்பவே மாட்டோம் என்று சோர்ந்தவனும் நாட்டான். எரேமியாவின் வழி இவ்விரண்டுக்கும் நடுவே செல்வது.

விடுவிக்காவிடினும்

பாபிலோனுக்குச் சென்ற இளைஞர் மூவரின் கதையைத் தானியேல் நூல் கூறுகின்றது. பொற்சிலையை வணங்காவிட்டால் எரிசூளையில் இடுவேன் என்று வேந்தன் அச்சுறுத்தினான். எங்கள் கடவுள் எங்களை விடுவிக்க வல்லவர். விடுவிக்காவிடினும் வணங்கோம் என்பதாக அவர்கள் விடை அமைந்தது. அவர்கள் சூளையில் வேகாது மீண்டனர் என்பதையே நாம் வியந்து பேசுகின்றோம். மீள்வோமா என்பது தெரியாதபோதே அந்த "விடுவிக்காவிடினும்" என்னும் சொல் பிறந்தது என்பதன்றோ பெரிது!

எருசலேமிலும் அத்தகைய ஒருவன் இருந்தான். எரேமியாவை அவர் பகைவர் நீரற்ற கிணற்றிலே இறக்கினர். அவர் சேற்றிலே அமிழ்ந்தார். அரசன் அஞ்சி வாளாவிருந்தான். எபெத்மெலேக்கு என்னும் எத்தியோப்பியன், அரண்மனை ஊழியன், அரசன்முன் சென்று முறையிட்டு ஆணை பெற்றான். கயிற்றோடு பழந்துணிகளையும் கந்தல்களையும் கொண்டுசென்றான். கயிறு உடலை அறுக்காதபடி அவற்றை அக்குளிலே வைத்துக்கொள்ளுமாறு எரேமியாவிடம் சொல்லி, மெல்ல வெளியே தூக்கினான். பின்னர் இறைவன் அவனுக்கு உயிர்ப்பாதுகாப்பை வாக்களித்தபோது, நீ என்னை நம்பினாய் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அவன் நீண்ட வேண்டுதல் எதுவும் செய்ததாக நூலில் இல்லை. அவன் செய்தது கந்தல் துணி தேடியது. அதற்கே அங்கு நம்பிக்கை என்று பெயர்.

மட்பாண்டத்துள் இருந்த உறுதி

கி.மு. 587 அளவிலே மதில் பிளந்தது. ஆலயமும் அரண்மனையும் தீக்கிரையாயின. சிதேக்கியா கண்ணிழந்து விலங்குடன் பாபிலோனுக்குப் போனான். எரேமியா விடுவிக்கப்பட்டார். பாபிலோனுக்கு வந்து நலமாக இருக்கலாம் என்று பகைவர் தலைவனே அழைத்தபோதும், பாழான நாட்டிலே எஞ்சிய ஏழைகளுடன் தங்கினார். பின்னர் அம்மக்கள் அவர் சொல்லையும் மீறி எகிப்துக்கு ஓடியபோது அவரையும் கொண்டுசென்றனர். அவர் ஊர் திரும்பியதாகச் செய்தி இல்லை. தாம் வாங்கிய நிலத்திலே அவர் ஒரு பிடி தானியமும் அறுத்ததாக விவிலியம் கூறவில்லை.

அப்படியாயின் அவ்வெள்ளி வீணாயிற்றோ? கி.மு. 539இல் பாரசீக வேந்தன் கோரேசிடம் பாபிலோன் வீழ்ந்தது. சிறைப்பட்டோர் ஊர் திரும்ப அவன் இசைவு தந்தான். திரும்பியவர்களின் தொகை எஸ்றா நூலிலே ஊர் ஊராக எழுதப்பட்டிருக்கின்றது. வெறும் பெயரும் எண்ணுமாக உள்ள அவ்வட்டவணையைப் படிப்போர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவர். அதன் நடுவிலே ஒரு வரியில் ஆனதோத்தார் 128 பேர் என்று காணப்படுகின்றது. மட்பாண்டத்துச் சாசனம் எந்த நாளுக்காக எழுதப்பட்டதோ, அந்த நாள் அவ்வரியிலே வந்துவிட்டது. எழுதியவர் அதனைக் காணவில்லை; அவர் ஊரார் கண்டனர்.

இந்தக் கதை நம் இல்லங்களுக்குக் கூறுவது யாது? பரீட்சையிலே தவறிய மாணவன் மறுநாட் காலையில் புத்தகத்தைத் திறப்பதும், தொழிலிழந்த தந்தை கடன்காரரிடம் மறைந்து திரியாது நேர்நின்று தவணை கேட்பதும், தீராத நோயாளிக்கு மனைவி வேளை தவறாது மருந்தூட்டுவதும், காவல் முற்றத்திலே தராசெடுத்து வெள்ளி நிறுத்ததற்கு ஒப்பான செயல்களே. பயன் எப்போது வரும் என்பது நம் கணக்கிற்கு அகப்படுவதில்லை. அதனை நாம் காண்போம் என்பதற்கும் பிணை இல்லை. நம் கையிலுள்ளது இன்றைய கடமையும், அதனை ஒழுங்காகச் செய்யும் முறையுமே. பிள்ளைகளுடன் உட்கார்ந்து படிக்க விரும்புவோர் எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுக. படித்து முடித்தபின், அந்த 128 பேரையும் மறவாது சொல்லிக்கொடுங்கள்.