வெளுத்ததெல்லாம் பாலாகுமா? காளான் வித்துகள் கூறும் உண்மை



மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், தோட்டப்புறங்களில் வெண்குடை விரித்தாற்போல் காளான்கள் முளைத்து நிற்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பட்டுப்போன பால்மரக் கட்டையிலும், செம்பனைக் குலைகளின் கழிவுக் குவியலிலும், கறையான் புற்றின் ஓரத்திலும், திடலின் புல்தரையிலும் அவை தோன்றுகின்றன. அவற்றுள் சில நாவுக்கு இனியவை. சில உயிருக்கே உலை வைப்பவை. இரண்டும் வெண்மையாகவே இருக்குமாயின், வேறுபாட்டை எங்ஙனம் அறிவது?

சென்ற மழைக்காலத்தில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, செய்தித்தாளில் பொதிந்த இரண்டு பெரிய வெண்காளான்களை என்னிடம் கொண்டு வந்தாள். “ஐயா, நானும் தம்பியும் திடலோரத்தில் பறித்தோம். இன்னும் நிறைய வீட்டில் இருக்கின்றன. புற்றுக்காளான்தான் என்று பாட்டி கூறினார். இன்றிரவு குழம்பு வைக்கப் போகிறார்” என்றாள். காம்பின் அடிப்பகுதி ஒடிக்கப்பட்டிருந்தது. தலையில் மங்கிய பழுப்புச் செதில்கள் சில தென்பட்டன. எனக்கு ஐயம் எழுந்தது. அன்று மாலையே அவர்கள் வீட்டிற்குச் சென்று, மறுநாள் காலை வரை அவற்றை அடுப்பில் ஏற்ற வேண்டா என்று கேட்டுக்கொண்டேன். “நாற்பது ஆண்டுகளாகக் காளான் பறித்துச் சமைக்கிறேன், ஐயா. ஒருநாள் பொறுப்பதால் என்ன குறைந்துவிடப் போகிறது?” என்று கூறி, அம்மூதாட்டியார் இசைந்தார்.

வித்து என்பது யாது?

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் முன்னோர் நம்பினர். ஐரோப்பியரும் நெடுங்காலம், அழுகிய பொருளின் ஈரத்திலிருந்து காளான் தானே தோன்றுவதாகவே எண்ணியிருந்தனர். இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில் வாழ்ந்த மிக்கேலி என்னும் தாவரவியலார், காளான் வகைகளின் நுண்ணிய தூளை முலாம்பழத் துண்டுகளின் மேல் தூவி, அதிலிருந்து அதே வகை மீண்டும் வளர்வதைக் கண்டார். தம் கண்டுபிடிப்பை 1729-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அத்தூளே காளானின் வித்து. அறிவியலார் அதனை ‘ஸ்போர்’ என்பர்.

காளானின் தலையைத் திருப்பிப் பாருங்கள். புத்தகத்தின் ஏடுகளைப்போல் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். இவற்றைச் செவுள்கள் என்போம். இச்செவுள்களின் இருபுறமும் வித்துகள் விளைகின்றன. முற்றியதும் ஒவ்வொரு வித்தின் அடியிலும் நுண்ணிய நீர்த்துளி ஒன்று திரண்டு, வித்தின் மேலுள்ள ஈரத்தோடு சட்டென்று கலக்கும். அந்த விசையில் வித்து தெறித்து விழும். கனடாவில் ஆய்வு நடத்திய புல்லர் என்னும் அறிஞர், ஒரே ஒரு புல்வெளிக் காளான் ஏறத்தாழ 180 கோடி வித்துகளை உதிர்ப்பதாகக் கணக்கிட்டார். அத்தனை வித்துகளுள் காளானாகத் தலையெடுப்பவை மிகச் சிலவே.

வித்துத்தூள் எடுக்கும் முறை

இதனை மாணவர் எவரும் ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையுடன் செய்து பார்க்கலாம். கடையில் விற்கும் சிப்பிக் காளானே தொடக்கத்திற்கு ஏற்றது. நன்கு விரிந்த காளானின் காம்பை நறுக்கிவிட்டு, செவுள்கள் கீழ்நோக்கி இருக்குமாறு தாளின்மேல் வைக்க வேண்டும். தாளின் ஒரு பாதி வெள்ளையாகவும் மறுபாதி கறுப்பாகவும் இருத்தல் நலம். வெளிர்நிற வித்து கறுப்பிலும், கருநிற வித்து வெள்ளையிலும் தெளிவாகத் தோன்றும். காளானின்மேல் ஒரு துளி நீர் விட்டு, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி, இரவு முழுவதும் அசைக்காது விட்டுவிட வேண்டும். மறுநாள் மெல்ல எடுத்தால், மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளைப்போல் வரிவரியாக வித்துத்தூள் படிந்திருக்கும். அத்தூளை முகர்ந்து பார்க்கலாகாது. வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

அன்று மாலை மாணவி தந்த காளானையும் இவ்வாறே வைத்துச் சென்றேன். மறுநாள் காலையில் மாணவர்கள் சூழ்ந்து நிற்க, கிண்ணத்தைத் தூக்கினேன். வெள்ளைத் தாளின்மேல் படிந்திருந்த தூள் பச்சை நிறமாக இருந்தது!

உண்ணத்தக்க புற்றுக்காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்புச் சாயலுடையது. பச்சைநிறத் தூளோ ‘குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ்’ என்னும் நச்சுக் காளானின் அடையாளம். வெப்பநாட்டுப் புல்தரைகளில் மழைக்குப்பின் பெருவாரியாக முளைப்பது அது. இளமையில் அதன் செவுள்களும் வெண்மையாகவே இருக்கும். வித்து முற்றிய பின்னரே பச்சை பாயும். உண்டவருக்குச் சில மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். சிறு பிள்ளைகள் நீர் வற்றித் துவண்டு போவர்.

நுண்ணோக்கியில் கண்ட காட்சி

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியால் வாங்கப்பெற்ற நுண்ணோக்கி நம் பள்ளியில் உள்ளது. ஊசி முனையால் சிறிது தூளை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் கலந்தோம். மெல்லிய மூடுதகட்டை ஒரு பக்கம் சாய்த்து மெதுவாக இறக்கினோம். இல்லையேல் காற்றுக்குமிழிகள் புகுந்து, அவற்றையே வித்தென்று மயங்க நேரும். முதலில் குறைந்த உருப்பெருக்கத்திலும், பின்னர் 400 மடங்கிலும் நோக்கினோம்.

அவ்வித்துகளின் நீளம் ஏறத்தாழ 10 மைக்ரோன். அதாவது, 100 வித்துகளை வரிசையாக அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர் நிரம்பும். 400 மடங்கு பெரிதாக்கியபோது அவை பச்சைப்பயறு அளவில் காட்சி தந்தன. தாளில் பச்சையாகக் குவிந்திருந்தவை, தனித்தனியே காணும்போது மிக மெல்லிய பசுமையே கொண்டிருந்தன. தடித்த சுவரும், ஒரு முனையில் நறுக்கினாற்போன்ற தட்டையும் காணப்பட்டன. அருகில் வைத்துப் பார்த்த சிப்பிக் காளானின் வித்துகளோ, நிறமின்றி, ஒல்லியாக நீண்டிருந்தன. வெளித்தோற்றத்தில் வெள்ளையாக நிற்பவை, நுண்ணோக்கியின்கீழ் வெவ்வேறு குலத்தவையாகப் பிரிந்து நின்றதைக் கண்டு மாணவர்கள் வியந்தனர்.

நிறம் இழந்த காளான்கள்

இங்கே மற்றொரு செய்தியையும் அறிதல் வேண்டும். மனிதரிலும் விலங்கிலும் நிறமி இன்றி வெளிறிப் பிறப்பவை அரிதாக உண்டன்றோ? காளான்களிலும் அவ்வாறு நிகழ்வதுண்டு. இன்று பேரங்காடிகளில் விற்கும் மொட்டுக் காளான் முன்னர் பெரும்பாலும் பழுப்பு நிறமாகவே இருந்தது. 1920-களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பண்ணை ஒன்றில், பழுப்புக் காளான்களுக்கிடையே வெண்மையானவை சில தோன்றின. அவற்றைப் பிரித்துப் பெருக்கியதன் விளைவாகவே வெள்ளை மொட்டுக் காளான் உலகெங்கும் பரவியது.

அந்த வெண்காளானை நன்கு விரியவிட்டு வித்துத்தூள் எடுத்தால் என்ன நிறம் வரும்? வெள்ளை என்று நினைப்பீர்கள். கரும்பழுப்பே வரும்! உடல் நிறம் மாறியதேயன்றி, வித்து தன் பழைய நிறத்தை விடவில்லை. நம் தோலுக்குக் கருமை தரும் மெலனினைப் போன்ற நிறமியே அவ்வித்தின் சுவரிலும் உள்ளது. இத்தகைய நிறமி, கடும் வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து வித்துகளைக் காக்க வல்லது.

மிக அரிதாக, வித்தும் நிறமி இழந்த காளான்கள் தோன்றுவதுண்டு. அத்தகைய வித்துகள் நீரில் கண்ணாடித் துண்டுகள்போல் மறைந்து நிற்கும். ஒளியைக் குறைத்தோ, சாயம் ஏற்றியோதான் அவற்றைக் காண இயலும். அப்போது நிறம் கைவிட்டாலும், வித்தின் வடிவமும் அளவும் சுவரின் அமைப்பும் அதன் இனத்தைக் காட்டிக் கொடுக்கும். ஆகவேதான் ஆய்வாளர் நிறத்தை மட்டும் நம்பி முடிவு கூறுவதில்லை.

வித்தறிவும் போதாத இடம்

வித்துத்தூளின் நிறம் தெரிந்தால் எதையும் உண்ணலாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. சிப்பிக் காளானின் தூள் வெளிர்நிறமானது. கொடிய ‘அமனிட்டா’ வகை நச்சுக் காளான்களின் தூளும் வெள்ளையே. செம்பனைக் கழிவில் முளைக்கும் வைக்கோல் காளானின் தூள் இளஞ்சிவப்பு. ஆனால் அதன் இளம்பருவத்தில் செவுள்கள் உறைக்குள் மூடிக் கிடப்பதால், தூள் எடுக்கவே இயலாது. அப்பருவத்தில் ‘மரணத்தொப்பி’ எனப்படும் அமனிட்டாவும் அதே முட்டை வடிவில் இருக்கும். ஆஸ்திரேலியாவின் கன்பரா நகரில், 2011-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று அக்காளானை உண்ட இருவர், 2012-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உயிரிழந்தனர். வைக்கோல் காளான் என்று கருதியே அவர்கள் அதனைச் சமைத்திருக்கக்கூடும் எனச் செய்திகள் கூறின.

அந்நஞ்சு சமைத்தாலும் அழியாது. உண்டு பல மணி நேரம் கழித்தே துன்பம் தொடங்கும். இடையில் சற்றுத் தேறியதுபோல் தோன்றி, பின்னர் ஈரலைக் கெடுக்கும். வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறாவிட்டால் நன்று, பூச்சி அரித்திருந்தால் உண்ணலாம் என்பன போன்ற வழக்குகளுள் எதுவும் நம்பத்தக்கதன்று. தவறி உண்டுவிட்டால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எஞ்சிய காளானையும் காகிதப் பையில் கொண்டு செல்வது மருத்துவருக்குப் பேருதவியாகும்.

அம்மூதாட்டியாரிடம் பச்சைத் தூள் படிந்த தாளைக் காட்டினேன். சிறிது நேரம் அதனையே உற்று நோக்கினார். பிறகு, “புற்றுக்காளானுக்கு மண்ணுக்குள் நீண்ட வேர் இருக்கும், ஐயா. நானே பறித்திருந்தால் தோண்டிப் பார்த்திருப்பேன். பிள்ளைகள் ஒடித்துக்கொண்டு வந்தார்கள், நானும் வெள்ளைத் தலையை மட்டும் பார்த்துவிட்டேன்” என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. கறையான் கூட்டிலிருந்து எழும் அக்காளானுக்கு வேர்போன்ற நீண்ட அடிக்காம்பு உண்டு. அவருடைய நாற்பது ஆண்டு அறிவில் குறையில்லை. அன்று அதனைப் பயன்படுத்த வாய்ப்பில்லாமற் போயிற்று, அவ்வளவே. இப்போது எங்கள் தோட்டத்தில் பிள்ளைகள் காளான் பறித்து வந்தால், “வேர் எங்கே?” என்று முதலில் கேட்பவர் அவரே.

மாணவ மணிகளே! காட்டில் காணும் காளானைக் கண்ணால் கண்டு மகிழுங்கள், வித்தெடுத்து ஆராயுங்கள், ஆனால் வாயில் வைக்காதீர்கள். வெளுத்ததெல்லாம் பாலாகாது. வெண்மைக்குள் மறைந்திருப்பதைத் தேடிக் காணும் பழக்கத்தை இளமையிலேயே வளர்த்துக்கொள்வீர்களாக!