செனற் சபை முதல் பிரதேச சபை வரை: மலையகத்தின் குரலுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது?

"பாராளுமன்றத்தில் பேசி என்ன ஆகிவிடப்போகிறது?" நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கும் கேள்வி இது. லயன் கூரை ஒழுகுகிறது, பாதை குன்றும் குழியுமாகக் கிடக்கிறது, வீட்டுக்குக் காணி உறுதி இல்லை. இப்படியிருக்கும்போது கொழும்பில் ஒருவர் எழுந்து நின்று பேசுவதால் என்ன பயன் என்று மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதற்கு விடை தேட, இன்று பலருக்கும் மறந்துபோன ஒரு சபையிலிருந்து தொடங்க வேண்டும். 1947 முதல் 1971 வரை இலங்கைப் பாராளுமன்றத்துக்கு இரண்டு சபைகள் இருந்தன. மக்கள் நேரடியாகத் தெரிவு செய்தது பிரதிநிதிகள் சபை. அதற்கு மேலே இருந்தது செனற் சபை.

செனற் சபை எப்படி இயங்கியது?

சோல்பரி அரசியலமைப்பு உருவாக்கிய மேற்சபை இது. மொத்தம் 30 உறுப்பினர்கள். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். நீதி அமைச்சர் செனற்றராகவே இருக்க வேண்டும் என்பதும் விதி.

பிரதிநிதிகள் சபை தன் பங்கு செனற்றர்களைத் தெரிவு செய்த முறையைச் சிறுபான்மையினர் கூர்ந்து கவனிக்க வேண்டும். பெரும்பான்மைக் கட்சியே 15 இடங்களையும் அள்ளிவிட முடியாதபடி, விகிதாசார முறையில், மாற்றத்தக்க தனி வாக்கால் அந்தத் தெரிவு நடந்தது. பிரதிநிதிகள் சபையில் அன்று இருந்தவர்கள் 101 பேர். அவர்கள் அனைவரும் வாக்களித்து 15 இடங்களை நிரப்பினால், ஓர் இடத்தை உறுதி செய்ய 7 வாக்குகள் போதும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்ற ஆசனங்களும் ஏழுதான். தோட்டத் தொழிலாளரின் வாக்கு கீழ்ச்சபையில் ஏழு பேரை அமர்த்தியது. அந்த ஏழு பேரின் கையில் மேற்சபையின் ஓர் ஆசனத்துக்குரிய பலமும் இருந்தது.

ஆனால் இச்சபையின் அதிகாரத்துக்கு எல்லை இருந்தது. நிதிச் சட்டமூலத்தை ஒரு மாதத்துக்கு மேல் அதனால் தடுத்து வைக்க முடியாது. மற்றச் சட்டமூலங்களைத் தாமதப்படுத்தலாம். கீழ்ச்சபை அடுத்த கூட்டத்தொடரிலும் அதையே நிறைவேற்றிவிட்டால் மேற்சபையின் மறுப்பு செல்லாது. சுருங்கச் சொன்னால், செனற்றர் பேசலாம், திருத்தம் கோரலாம், அரசாங்கத்தை மீண்டும் யோசிக்க வைக்கலாம். நிறுத்த முடியாது.

மடுல்கலையிலிருந்து மேற்சபைக்கு

அந்தச் சபையில் அமர்ந்த மலையகத் தமிழர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் பெரி சுந்தரம். 1890இல் கண்டி மாவட்டத்தின் மடுல்கலைப் பகுதியில் பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் படித்துச் சட்டத்தரணியாகத் திரும்பினார். தோட்ட மக்களில் பெரும்பாலோர் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த காலம் அது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது ஹட்டன் தொகுதியிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குச் சென்றார். 1936 வரை தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகப் பணியாற்றினார். வேலையின்போது காயமுற்றால் நட்டஈடு தர வேண்டும் என்ற 1934ஆம் ஆண்டுச் சட்டமும், தொழிற்சங்கங்களைப் பதிவு செய்து அவற்றுக்குச் சட்ட அங்கீகாரம் தந்த 1935ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் அமைச்சராக இருந்த காலத்தில் வந்தவை. இன்று ஒரு தோட்டத் தொழிலாளி சங்கத்தில் சந்தா கட்டுகிறார் என்றால், கொழுந்து பறிக்கையில் வழுக்கி விழுந்து கை முறிந்து நட்டஈடு கேட்கிறார் என்றால், அந்த உரிமைகளின் வேர் அங்கே இருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டி அமைந்த செனற் சபையிலும் அவர் உறுப்பினராக இருந்தார்.

அமைச்சராக இருந்து சட்டங்கள் நிறைவேறக் கண்ட அதே மனிதர் செனற்றராக இருந்தபோது, அவருடைய மக்களின் குடியுரிமையே பறிக்கப்பட்டது. திறமையோ அனுபவமோ அவரிடம் குறைந்துவிடவில்லை. அவர் பின்னால் நின்ற வாக்காளர்கள்தான் இல்லாமல் ஆக்கப்பட்டார்கள்.

நாவலப்பிட்டி 1947

1874இல் ரயில் பாதை நாவலப்பிட்டியை எட்டியது. அங்கிருந்துதான் அது ஹட்டனை நோக்கி மலையேறுகிறது. கோப்பியும் பின்னர் தேயிலையும் இறங்கிய வழியும், தொழிலாளர் ஏறிய வழியும் அதுவே. மகாவலிக் கரையில் கடைவீதியும், சுற்றிலும் தோட்டங்களுமாக வளர்ந்த இந்த ஊரின் தொகுதி, 1947 பொதுத் தேர்தலில் கே. இராஜலிங்கத்தைத் தெரிவு செய்தது. புசல்லாவையில் சரஸ்வதி வித்தியாலயத்தை நிறுவிய கல்வியாளர் அவர். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை என இலங்கை இந்தியர் காங்கிரஸின் ஏழு பேர் அந்த முதலாவது பாராளுமன்றத்தில் அமர்ந்தனர்.

மறு ஆண்டே இடி விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையராக இருக்க அவருடைய தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. தலைமுறைகளாக லயன் அறைகளில் பிறந்து இறந்தவர்களிடம் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்? 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே. அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசைகள் அல்லாதோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின.

இந்தச் சட்டங்கள் இரண்டு சபைகளையும் தாண்டியே வந்தன. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணப்பட்ட மேற்சபையும் அவற்றை மறித்து நிற்கவில்லை. 1952 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. வெளியே சத்தியாக்கிரகம் நடந்தது, உள்ளே பேச ஆளில்லை. தொண்டமான் 1960இல் நியமன உறுப்பினராக உள்ளே போனார். மக்களின் வாக்கால் மீண்டும் வென்றது 1977இல்தான். இடையில் 30 ஆண்டுகள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டபோது, அந்த மக்களின் வாக்கால் தெரிவான ஒருவரும் சபையில் இல்லை. நாவலப்பிட்டி ரயில் நிலையம் வழியாகவும் குடும்பங்கள் பிரிந்து போயின.

சபைக்குள் நேர்மையாகப் பேசியவர்கள் இருந்தார்கள் என்பதை மறுக்கக் கூடாது. செனற்றராக நீண்ட காலம் இருந்த சட்டத்தரணி எஸ். நடேசன் குடியியல் உரிமைகளுக்காக அயராது வாதாடியவர். 1980இல், பாராளுமன்றச் சிறப்புரிமை பற்றி எழுதியதற்காக அவர் மீதே வழக்குத் தொடரப்பட்டு, உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இத்தகைய குரல்கள் மனச்சாட்சியைக் காத்தன. ஆனால் சட்டத்தை மாற்ற, சபைக்குள் எண்ணிக்கையும் வெளியே வாக்கும் வேண்டும்.

1971 ஒக்டோபர் 2ஆம் திகதி செனற் சபை ஒழிக்கப்பட்டது.

வாக்கு திரும்பியதும் நடந்தது

1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி தீர்க்கப்பட்டது. 2003 சட்டம் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. அரை நூற்றாண்டுக்கு முன் எவரை வெளியே தள்ள சபை கை உயர்த்தியதோ, அவர்களை உள்ளே எடுக்க அதே சபை கை உயர்த்தியது. மலையக வாக்கு இல்லாமல் ஆட்சி அமைப்பது கடினம் என்ற நிலை அதற்குள் வந்துவிட்டிருந்தது.

இதன் பலனை நாவலப்பிட்டியின் பாதைகளிலேயே காட்டலாம். நகரம் நகர சபையின் கீழ் இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்கள் பஸ்பாகே கோறளை பிரதேச சபைக்குள் வருகின்றன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலிருந்த 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவிடுவதற்குத் தடையாகவே விளங்கியது. தோட்ட மக்களால் வாக்களித்து உறுப்பினரை அனுப்ப முடிந்தது. அந்த உறுப்பினரால் அவர்களுடைய லயனுக்குப் போகும் பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியவில்லை. தோட்டம் கம்பனியின் இடம் என்று பதில் வந்தது. மலையகப் பிரதிநிதிகள் திரும்பத் திரும்பக் கேட்டதன் பின் 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் அதே ஆண்டுதான் சட்டமானது.

சம்பளமும் அப்படியே. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுகள் வீதியிலும் சபையிலும் ஒலித்து, 2021இல் சம்பளச் சபை மூலம் வர்த்தமானிக்கு வந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. வாழ்க்கைச் செலவுக்கு அதுவும் போதவில்லை என்பது எந்தத் தோட்டக் குடும்பத்துக்கும் தெரியும். ஆனாலும் கேட்டதால்தான் இவ்வளவாவது நகர்ந்தது.

மீண்டும் ஒரு மேற்சபை வந்தால்?

அரசியலமைப்புச் சபையின் வழிநடத்தற் குழு 2017 செப்டெம்பரில் வைத்த இடைக்கால அறிக்கை, 55 பேர் கொண்ட இரண்டாம் சபை ஒன்றை முன்மொழிந்தது. ஒவ்வொரு மாகாண சபையிலிருந்தும் 5 பேராக 45 பேர். பாராளுமன்றம் தெரிவு செய்யும் 10 பேர். அது நிறைவேறவில்லை. ஆயினும் புதிய அரசியலமைப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த யோசனையும் எழும். அப்போது மலையகம் ஒரு கேள்வியை முன்வைக்க வேண்டும். மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் பரந்து வாழும் நமக்கு, மாகாணத்துக்கு ஐந்து பேர் என்ற கணக்கில் எத்தனை இடம்? எந்த மாகாணத்திலும் பெரும்பான்மையாக இல்லாத சமூகத்தை, பெரும்பான்மை வாக்கில் நடக்கும் தெரிவு எளிதில் விழுங்கிவிடும். 1947இல் இருந்த மாற்றத்தக்க தனி வாக்குப் போன்ற ஒரு முறை இல்லாவிட்டால், இரண்டாம் சபை நமக்கு இரண்டாவது பூட்டிய கதவாகவே இருக்கும்.

இன்று கையில் உள்ளவை

முதலாவது, வாக்காளர் இடாப்பு. ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தர் மூலம் அது திருத்தப்படுகிறது. கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் பிள்ளைகளின் பெயர் எங்காவது ஓரிடத்தில் உறுதியாக இருக்க வேண்டும். கண்டி மாவட்டத்தில் 2015இலும் 2020இலும் வேலு குமார் பாராளுமன்றம் சென்றது, சிதறிக் கிடக்கும் வாக்குகள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று.

இரண்டாவது, கேள்வி. பாராளுமன்ற உறுப்பினர் அமைச்சரிடம் வாய்மூல விடை கோரிக் கேட்கும் வினாவுக்குப் பதில் பதிவாகி ஹன்சாட்டில் நிற்கும். "தோட்ட மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்று பொதுவாகப் பேசுவதைவிட, "இந்தத் தோட்டத்தில் காணி உறுதி பெற்ற குடும்பங்கள் எத்தனை?" என்ற ஒரு வினா அதிகம் சாதிக்கும். அந்த வினாவை எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் ஊரில் உள்ளவர்கள்.

மூன்றாவது, தகவல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 2018 திருத்தத்துக்குப் பின் தோட்டப் பாதைகளுக்கு எவ்வளவு செலவிடப்பட்டது என்று பிரதேச சபையிடம் எந்தப் பிரசையும் தமிழிலேயே கேட்கலாம். நான்காவது, மனு. நிர்வாகத்தால் அநீதி இழைக்கப்பட்டவர், ஓர் உறுப்பினர் ஊடாகப் பாராளுமன்றத்தின் பொதுமனுக்கள் பற்றிய குழுவிடம் முறையிடலாம்.

பாராளுமன்றத்தில் பேசி என்ன ஆகும் என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை தெளிவானது. வாக்கு பின்னால் நின்றபோது பேச்சு சட்டமானது. வாக்கு பறிபோனபோது மிகச் சிறந்த பேச்சாளரும் தனித்து நின்றார். சட்டமான பின்னும், அதைக் கேட்டு வாங்க ஊரில் ஆளிருந்த இடத்தில் மட்டுமே அது பாதையாகவும் வீடாகவும் மாறும். நல்ல பிரதிநிதியைத் தேடுவதோடு நம் வேலை முடிவதில்லை. அவருக்கு வாக்கையும் தரவையும் கொடுத்து, பதிலைக் கணக்குக் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான்.