சுந்தியா கிராமத்து வீராங்கனை

மேஜைப் பந்தாட்டத்தை நம் அங்கத்தினர்களில் பலர் பட்டணத்து மன்றங்களிலோ, பள்ளிக்கூட மண்டபங்களிலோ பார்த்திருக்கக்கூடும். ஆடுபவர் துள்ளுகிறார், பக்கவாட்டில் பாய்கிறார், பின்னோக்கி ஓடிப் பந்தைத் திருப்புகிறார். இவ்வாட்டத்துக்குக் கையைக் காட்டிலும் காலே முக்கியம் என்றுகூடப் பார்ப்பவருக்குத் தோன்றும். அவ்வாறிருக்க, நடக்க இயலாத ஒருவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இதை ஆடி, உலகப் போட்டியில் இரண்டாம் இடத்தைப் பெற்றார் என்றால், அது எவ்விதம் சாத்தியமாயிற்று என்ற கேள்வி எழுவது இயற்கையே.

அவர் பெயர் ஸ்ரீமதி பவீனா பட்டேல். குஜராத் மாநிலத்தைச் சேர்ந்தவர். 2021ஆம் வருஷம் ஆகஸ்டு 29ஆம் தேதி டோக்கியோவில் நடந்த பாராலிம்பிக் இறுதிப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மேஜைப் பந்தாட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் பதக்கம் அதுவே. 2016இல் ரியோவில் குண்டு எறிதலில் வெள்ளி வென்ற ஸ்ரீமதி தீபா மாலிக்குக்குப் பிறகு, அப்போட்டிகளில் பதக்கம் பெற்ற இரண்டாவது இந்தியப் பெண்மணியும் இவரே.

இவரைப் போன்றவர்களைப் பற்றிப் பேசும்போது, “மன உறுதி” என்ற ஒரே சொல்லில் விஷயத்தை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மன உறுதி வேண்டியதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் மன உறுதி உள்ளவர்கள் எத்தனையோ பேர் நம் கிராமங்களில் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டார்கள். ஆகையால், மன உறுதியைத் தவிர இவருக்கு வேறு என்னென்ன கிடைத்தன, அவை எப்போது கிடைத்தன என்று ஆராய்வதே பயனுள்ளதாகும்.

இளமைப் பருவம்

மேசானா மாவட்டம் என்றால் நம் கூட்டுறவு அன்பர்களுக்கு 1960இல் தோன்றிய பால் உற்பத்தியாளர் ஒன்றியம் நினைவுக்கு வரும். அம்மாவட்டத்தில், வட்நகருக்கு அருகிலுள்ள சுந்தியா என்னும் சிற்றூரில் 1986ஆம் வருஷம் நவம்பர் 6ஆம் தேதி பவீனா பிறந்தார். ஒரு வயதாகும்போது இளம்பிள்ளை வாதம் கண்டு கால்கள் செயலிழந்தன. தகப்பனார் ஒருவர் சம்பாத்தியத்தில் நடந்த குடும்பம் அது. பின்னர் விசாகப்பட்டினத்தில் அறுவைச் சிகிச்சை செய்வித்தார்கள். எனினும் நடக்கும் சக்தி திரும்பவில்லை.

அக்காலத்தில் இந்நோய் நம் நாட்டில் சாதாரணமாகக் காணப்பட்டது. சொட்டு மருந்து இயக்கத்தின் பயனாக 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவும் இந்நோய் எவருக்கும் காணவில்லை. 2014 மார்ச் 27ஆம் தேதி இந்தியா இந்நோயினின்றும் விடுபட்டதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. ஆனால் அதற்கு முன்னர் நோய் கண்டவர்கள் நம்மிடையே வாழ்ந்து வருகிறார்கள். விபத்தினாலும் பிற நோய்களினாலும் நடக்க இயலாமற் போனவர்களும் இருக்கிறார்கள். நோய் ஒழிந்ததால் நம் கடமை ஒழிந்துவிடவில்லை.

கிராமத்துப் பள்ளியில் படித்து முடித்த பவீனாவை அவர் தகப்பனார் ஆமதாபாத்திலுள்ள பார்வையற்றோர் சங்கத்தில் தொழிற்பயிற்சிக்காகச் சேர்த்தார். பார்வையற்றோருக்கென ஏற்பட்ட சங்கமாயினும், பிற உடற்குறை உடையவர்களுக்கும் அது பயிற்சி அளித்து வந்தது. பவீனா கற்கச் சென்றது கணிப்பொறி. அங்கே ஒரு மண்டபத்தில் மேஜைப் பந்தாட்டம் நடந்து கொண்டிருந்தது. பொழுதுபோக்காகவும் தேகப் பயிற்சியாகவும் அவரும் ஆடத் தொடங்கினார். திரு. லாலன் தோஷி என்னும் பயிற்சியாளர் அவருக்கு முறையாகக் கற்பித்தார். கல்வியையும் அவர் விட்டுவிடவில்லை. தபால் மூலம் பயின்று ஸம்ஸ்கிருதத்தில் பட்டம் பெற்றார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். உலகப் பெருமை பெற்ற ஒரு வாழ்க்கை, பெரிய மைதானத்தில் தொடங்கவில்லை. ஒரு மண்டபம், ஒரு மேஜை, கற்பிக்க ஓர் ஆசிரியர் என்ற மூன்றிலிருந்தே அது தொடங்கிற்று. மகளை வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் நகரத்துக்கு அனுப்பிய தகப்பனாரின் துணிவையும் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தின் அமைப்பு

சக்கர நாற்காலியில் ஆடுபவர்களுக்காக மேஜை சிறியதாக்கப்படுவதில்லை. 2.74 மீட்டர் நீளமும் 1.525 மீட்டர் அகலமும் 76 சென்டிமீட்டர் உயரமும் உள்ள அதே மேஜை, 15.25 சென்டிமீட்டர் உயரமுள்ள அதே வலை, 2.7 கிராம் எடையுள்ள அதே பந்து. மேஜையின் கால்கள் மட்டும் ஓரத்திலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் உட்புறமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ஆடுபவரின் முழங்கால்களும் நாற்காலியின் முன்பகுதியும் இடித்துக்கொள்ளும்.

பந்தைத் தொடங்கி அடிப்பதிலும் ஒரு விதி மாறுகிறது. நின்று ஆடுபவர், தொடக்க அடியை வலைக்கு அருகில் குறுக்கே தட்டிப் பக்கவாட்டில் வெளியேறச் செய்யலாம். எதிராளி ஓடிச் சென்று எடுப்பார். நாற்காலியில் இருப்பவர் அவ்விதம் ஓட முடியாது. ஆகையால், தொடக்க அடி எதிராளியின் பின் ஓரத்தைக் கடந்து செல்லவேண்டும். பக்கவாட்டில் வெளியேறினாலும், மேஜைமேல் நின்றுவிட்டாலும், வலையை நோக்கித் திரும்பினாலும் அது கணக்கில் கொள்ளப்படாது. மறுபடி தொடங்க வேண்டும். மற்றொரு புறம், கண்டிப்பும் உண்டு. அடிக்கும்போது தொடையின் பின்பகுதி ஆசனத்தைவிட்டு எழலாகாது. கால்களோ கால்பலகையோ தரையைத் தொடலாகாது. மீறினால் புள்ளி எதிராளிக்குச் சேரும்.

இவ்விதிகள் சலுகைகளல்ல என்பதை அங்கத்தினர்கள் உணர வேண்டும். ஓட முடியாமையை அளக்காமல், ஆட்டத் திறமையை மட்டும் அளப்பதற்கு வகுத்த ஏற்பாடு இது. அளவுகோல் நேராக இருந்தால்தான் துணியின் நீளம் தெரியும் அல்லவா?

உடல்நிலைக்கேற்ப ஆடுபவர்களை வகுப்புகளாகவும் பிரிக்கிறார்கள். 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகள் நாற்காலியில் ஆடுபவர்களுக்கும், 6 முதல் 10 வரையுள்ளவை நின்று ஆடுபவர்களுக்கும், 11ஆம் வகுப்பு அறிவு வளர்ச்சிக் குறை உடையவர்களுக்கும் உரியவை. பவீனா 4ஆம் வகுப்பைச் சேர்ந்தவர். இவ்வகுப்பினரின் கைகளில் குறையில்லை. உட்கார்ந்த நிலையில் உடலை ஓரளவுக்கு நிலைநிறுத்திக்கொள்ள முடியும். ஆனால் முழு வலிமையுடன் முன்னே சாய்ந்து நிமிர்வது கடினம்.

இதன் சிரமத்தைக் குழித்தறியில் அமரும் நெசவாளர் எவரும் எளிதில் அறிவார். கை எட்டும் தூரம் தோளோடு முடிவதில்லை. இடுப்பு எவ்வளவு வளைந்து கொடுக்கிறதோ அவ்வளவு தூரமே கை எட்டும். தறியில் அமர்பவருக்குக் கால்கள் மிதியில் ஊன்றியிருக்கும். நாற்காலியில் ஆடுபவருக்கு அவ்வூன்றுதல் இல்லை. ஒரு கையில் மட்டையைப் பிடித்து, மறு கையால் நாற்காலியைச் சமாளித்து, பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணித்து ஆட வேண்டும். கண்ணும் கணிப்பும் காலின் வேலையைச் செய்கின்றன.

டோக்கியோவில் நடந்தது

2011இல் தாய்லாந்தில் நடந்த சர்வதேசப் போட்டியில் வெள்ளி வென்று, பவீனா உலக வரிசையில் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தார். 2013இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் மற்றொரு வெள்ளி கிடைத்தது. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டில், அதே ஆமதாபாத் பயிற்சியில் வளர்ந்த ஸ்ரீமதி சோனல் பட்டேலுடன் சேர்ந்து இருவர் ஆட்டத்தில் வெள்ளி பெற்றார். இதற்கிடையே இ.எஸ்.ஐ. நிறுவனத்தில் உத்தியோகமும் அமைந்தது. 2017இல் விவாகமும் நடந்தது.

2020இல் கொள்ளை நோய் பரவி, டோக்கியோ போட்டிகள் ஒரு வருஷம் தள்ளிப்போயின. மண்டபங்கள் மூடப்பட்டன. எதிரில் நின்று பந்தடிக்க ஆளில்லாத அந்நாட்களில் பவீனா வீட்டிலேயே பயிற்சி செய்தார். மத்திய சர்க்காரின் உதவித் திட்டத்தின்கீழ் பந்து வீசும் இயந்திரம் ஒன்றும், ஆட்டத்துக்கேற்ற சக்கர நாற்காலியும் அவருக்கு வழங்கப்பட்டன. தறி சரியில்லாமல் நல்ல துணி இறங்காது. அதுபோல நாற்காலி சரியில்லாமல் இவ்வாட்டமும் அமையாது.

டோக்கியோ சென்றபோது உலக வரிசையில் அவர் 12ஆம் இடத்தில் இருந்தார். இங்கே கணக்கு முறையையும் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 11 புள்ளிகள். இருவரும் 10 பெற்றுவிட்டால், இரண்டு புள்ளிகள் முந்துபவரே வென்றவர். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்பவருக்கே போட்டி.

முதல் போட்டி சீனாவின் ஜோ யிங்குடன் நடந்தது. 2008இலும் 2012இலும் தங்கம் வென்ற அவரிடம் பவீனா 3–11, 9–11, 2–11 என்று தோற்றார். அடுத்த போட்டியிலும் தோற்றிருந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். பிரிட்டனின் மேகன் ஷாக்கிள்டனுடன் நடந்த அப்போட்டியில் மூன்றாவது ஆட்டம் 17–15 வரை நீண்டது. அதையும், அடுத்த ஆட்டத்தை 13–11 என்றும் வென்று பவீனா மேலே சென்றார். ஆகஸ்டு 27ஆம் தேதி ஒரே நாளில் பிரேசில் வீராங்கனையையும், ரியோவில் தங்கம் வென்ற செர்பியாவின் போரிஸ்லாவா பெரிச் ரான்கோவிச்சையும் நேர் ஆட்டங்களில் வென்றார்.

அரையிறுதியில் எதிரில் அமர்ந்தவர் சீனாவின் ஜாங் மியாவோ. அதற்கு முன் இருவரும் 11 முறை சந்தித்திருந்தார்கள். பதினோரு முறையும் ஜாங் மியாவோவே வென்றிருந்தார். பன்னிரண்டாம் முறையும் முதல் ஆட்டம் 7–11 என்று கைநழுவிற்று. அடுத்த இரண்டையும் 11–7, 11–4 என்று பவீனா வென்றார். நான்காவது 9–11 என்று மீண்டும் போயிற்று. ஐந்தாவதை 11–8 என்று வென்று இறுதிப் போட்டிக்குச் சென்றார். பதினோரு தோல்விகளையும் கணக்கில் எழுதி வைத்து, ஒவ்வொன்றிலும் பாடம் கற்றவரின் வெற்றி இது.

இறுதியில் ஜோ யிங் மறுபடியும் வென்றார்: 11–7, 11–5, 11–6. அத்தோல்வியினால் வெள்ளியின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. முதல் போட்டியில் இரண்டு ஆட்டங்களில் மூன்று புள்ளிக்கு மேல் பெற முடியாதவர், நான்கே நாளில் அதே எதிராளியிடம் மூன்று ஆட்டங்களிலும் ஐந்துக்குக் குறையாமல் பெற்றார் என்பதும் கவனிக்கத்தக்கது.

அதற்குப் பின்னர் 2022 ஆகஸ்டில் பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் நைஜீரிய வீராங்கனையை 12–10, 11–2, 11–9 என்று வென்று தங்கம் பெற்றார். ஸ்ரீமதி சோனல் பட்டேல் அதே பிரிவில் வெண்கலம் பெற்றார். ஒரே பயிற்சிக்கூடத்திலிருந்து இருவர் ஒரே மேடையில் நின்றது தற்செயலன்று. 2023இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டில் பவீனாவுக்கு வெண்கலம். 2024இல் பாரிஸில் காலிறுதியில் ஜோ யிங்கிடமே தோற்றுத் திரும்பினார்.

நாம் அறிய வேண்டுவது

டோக்கியோ வெற்றிக்குப் பின் குஜராத் சர்க்கார் அவருக்கு 3 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. மத்திய சர்க்கார் அர்ஜுனா விருது அளித்தது. பாராட்டத்தக்கதே. ஆனால் பரிசு, வென்ற பிறகு வருவது. வெல்வதற்கு முன்னால், எவரும் பெயர் அறியாத காலத்தில், ஒரு மண்டபத்தின் கதவு திறந்திருந்தது. இவ்விரண்டில் எது இல்லாவிட்டால் பவீனா பட்டேல் இல்லை என்று சிந்தித்தால் விடை எளிதில் கிட்டும்.

உத்தியோக நிமித்தமாகப் பல ஊர்களின் சங்கக் கட்டடங்களுக்கு நான் செல்வதுண்டு. பெரும்பாலானவற்றில் வாசலில் மூன்று அல்லது நான்கு படிகள் இருக்கின்றன. நடக்க இயலாத அங்கத்தினர் பொதுச்சபைக் கூட்டத்துக்கு வருவதானால், இருவர் தூக்கி வர வேண்டும். அதற்குக் கூசி அவர் வராமலே இருந்துவிடுகிறார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே வெற்றிடம் இருப்பதை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. அவரிடம் இரக்கம் இல்லாதவர்கள் என்று நம்மவர்களைச் சொல்ல முடியாது. இரக்கம் இருக்கிறது, சாய்தளம்தான் இல்லை.

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்தின் கணக்கு. ஊர்க் கொத்தனார் ஒருவர் சில நாளில் கட்டிவிடக்கூடியது. அதுபோலவே, எழுதும் மேஜையின்கீழ் முழங்கால் நுழைய இடம் விடுவதற்கும் பெருஞ்செலவு ஆகாது.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. கடுங்குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையையும், சர்க்கார் உத்தியோகங்களில் குறைந்தது 100க்கு 4 இடங்களையும் அளிக்கிறது. சட்டம் நூலில் இருக்கிறது. அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவது பெற்றோரும் அண்டை அயலாரும் செய்ய வேண்டிய காரியம்.

நம் ஊர்களில் நடக்க இயலாத குழந்தைகள் உள்ள வீடுகள் எவை என்பது நம் அனைவருக்கும் தெரியும். அக்குழந்தைகள் யாவரும் பதக்கம் பெறப் போவதில்லை. பெறவேண்டும் என்பதும் இல்லை. கால்கள் உள்ள குழந்தைகளிடம் நாம் அவ்விதம் எதிர்பார்க்கிறோமா? பள்ளிக்குச் செல்லவும், தொழில் கற்கவும், மாலையில் மற்றவர்களோடு ஆடவும் அவர்களுக்கு வழி இருக்க வேண்டும் என்பதே கேள்வி. சுந்தியா கிராமத்தில் ஒரு தகப்பனார் மகளை வெளியே அனுப்பத் துணிந்தார்; ஆமதாபாத்தில் ஒரு சங்கம் அவளை உள்ளே அழைத்துக்கொண்டது. இவ்விரண்டும் நடந்த பின்னரே மற்றவையெல்லாம் நடந்தன.